இசிகேலியின் ரெகுலேட்டரும் பள்ளிக்கூட மணியும்

இசிகேலி செத்ததற்குக் கடலைத் திட்டுகிறவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடல் அவனை என்ன செய்தது? அவன் செத்தது கரையில். காய்ந்த மண்ணில், ஈரப்பலா மரத்துக்குக் கீழே, துவைத்த சுலு வேட்டி கட்டிக்கொண்டு நின்றிருந்தபோது. உடம்பில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர்கூட இல்லை.

இதை நான் இத்தனை நாள் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சொல்ல முடியாதபடி ஒரு ஆள் உயிரோடு இருந்தான். அவன் இசிகேலியின் தம்பி சிரேலி. போன மழைக்காலத்தில் அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். இனி யாருக்கும் நோகாது.

நான் இசிகேலிக்கு மாமன் மகள், பெயர் தோரிகா. எங்கள் தீவில், புவா பக்கத்தில், மாமன் மகளுக்கும் அத்தை மகனுக்கும் நடுவில் வாய்க்குப் பூட்டு கிடையாது. என்ன வேண்டுமானாலும் சொல்லிக் கிண்டலடிக்கலாம். கோபித்துக்கொள்கிறவர்தான் தோற்றவர். அவன் கல்யாணத்தன்று, மணப்பெண் உனாய்சி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, "நல்லா யோசிச்சுக்கம்மா, இவன் குறட்டைக்குப் பயந்துதான் நான் வேணாம்னுட்டேன்" என்று சொன்னவள் நான். அவன் உடனே, "பொய் சொல்றா. இவ வாய்க்குப் பயந்துதான் எங்கம்மா இவங்க வீட்டுக்குப் பொண்ணு கேட்டே போகல" என்றான். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. அப்படி ஒரு உறவு எங்களுடையது.

அவனைப்பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் அவனுடைய சுத்தத்தைச் சொல்ல வேண்டும். ஒன்பது பேர் இருக்கிற வீட்டில் அவனுக்கு மட்டும் தனிச் சீப்பு, தனித் துண்டு, தனிக் கரண்டி. அடுத்தவன் கடித்த மரவள்ளிக்கிழங்கைத் தொடமாட்டான். யங்கோனா வேரை இடித்துக் கரைத்துக் குடிக்க உட்காரும்போது மட்டும் வேறு வழியில்லை. ஒரே சிரட்டை எல்லார் வாய்க்கும் போகும்; வேண்டாம் என்றால் சபையையே அவமதித்த மாதிரி. குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பத்துத் தடவை வாய் கொப்பளிப்பான். ஊரில் எல்லாரும் அவனைத் 'துரை' என்று கூப்பிட்டார்கள். மற்றபடி வம்புதும்புக்குப் போகாத ஆள். தோள் மட்டும் எருமைக்கு இருக்கிற மாதிரி இருக்கும். மூச்சடக்கி முங்கினால் நாம் பயந்து போகிற அளவுக்கு உள்ளேயே இருப்பான்.

அந்த வருஷங்களில் கடல் அட்டைக்கு நல்ல விலை. கரையோரம் கிடந்ததெல்லாம் தீர்ந்துபோய், வெள்ளை அட்டைக்கு ஆழத்துக்குப் போக வேண்டியதாயிற்று. அட்டை வாங்குகிற வியாபாரி ஒருவன் எங்கள் கரையில் கொட்டகை போட்டான். படகு, காற்று அடைக்கும் கம்ப்ரஸர், சிலிண்டர், வாயில் கடித்து மூச்சு விடுகிற ரெகுலேட்டர் எல்லாம் அவனுடையது. முங்குகிறவன் நம்ம ஆள். கம்ப்ரஸரை ஓட்டுகிற வேலை என் அண்ணன் விலிகேசாவுக்கு. யாருக்கும் இதற்கெல்லாம் பயிற்சி கிடையாது. "வாயில கடி, மூச்சு விடு, போ." இவ்வளவுதான் பாடம்.

சிரேலி ஒருநாள் அப்படித்தான் போனான். ஆழத்தில் வைத்து அவன் ரெகுலேட்டரில் காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தது. மூச்சு முட்டி ஒரே பாய்ச்சலில் மேலே வந்துவிட்டான். அப்படி வரக்கூடாது, வந்தால் ரத்தத்திலேயே காற்று குமிழிகட்டிப் போகும். படகில் ஏற்றும்போதே இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. தலைநகரம் சுவாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் காலம் கடந்துவிட்டது. கால் இரண்டும் போனது போனதுதான். அப்போது அவனுக்கு மீசைகூட ஒழுங்காக முளைத்திருக்கவில்லை.

அவனைப் படகில் இழுத்துப் போட்டவன் இசிகேலி. திரும்பி வந்ததும் நேரே கொட்டகைக்குப் போய், தம்பி கடித்திருந்த ரெகுலேட்டரைக் கழற்றிப் பார்த்தான். வாயில் வைக்கிற ரப்பர் கிழிந்து கம்பியால் கட்டியிருந்தது. உள்ளே மணல், பாசி, எவன் எவனுடைய எச்சிலோ காய்ந்து கருப்பாக ஒட்டிக் கிடந்தது. அதைத் தூக்கிக் கடலில் எறிந்தான்.

"என் சாமான்டா அது!" என்று வியாபாரி கத்தினான்.

"என் தம்பி காலும்தான்" என்றான் இசிகேலி. "இனிமே அடுத்தவன் வாயில கிடந்தது என் வாயில ஏறாது."

சொன்னபடியே நின்றான். முங்கப் போகவில்லை. சேம்பு நட்டான், மரவள்ளி நட்டான். ஆனால் மண்ணில் விளைவது வயிற்றுக்குத்தான் சரியாக இருந்தது. படுத்தே கிடக்கிற சிரேலிக்கு முதுகில் புண். மருந்து, கட்டுத்துணி, லம்பாசா ஆஸ்பத்திரிக்கு லாரி. எதற்கும் கையில் ஒன்றும் இல்லை. தம்பியை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி ஒரு சக்கர நாற்காலி வாங்கவேண்டும், அவனை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கரைக்கும் கூட்டிப்போக வேண்டும். அதுதான் இசிகேலிக்கு ஒரே நினைப்பு. அதற்குக் கடலுக்குப் போகாமல் முடியாது. கடலுக்குப் போக நம்பகமான ரெகுலேட்டர் வேண்டும். அதுவும் தனக்கே தனக்கானதாக இருக்க வேண்டும்.

அப்படியிருக்கும்போது டெரெக் வந்து சேர்ந்தார். நியூசிலாந்துக்காரர், வயசானவர், தனி ஆளாகப் பாய்மரப் படகில் சுற்றுகிறவர். அவருடைய நங்கூரச் சங்கிலி பவளப்பாறையில் சிக்கிக்கொண்டது. இசிகேலி வெறும் மூச்சோடு முங்கி அதை விடுவித்துக் கொடுத்தான். கிளம்புகிறதற்கு முன் டெரெக் ஒரு கறுப்புப் பையைக் கொண்டுவந்து, வீட்டுப் பாயில் உட்கார்ந்து, இசிகேலி முன்னால் வைத்தார். தன்னுடைய மாற்று ரெகுலேட்டர், அதிகம் புழங்காதது, உனக்கே உனக்கு என்றார். பையைத் தட்டித் தட்டிக் கையாலும் ஆங்கிலத்திலும் நெடுநேரம் என்னவோ விளக்கினார்.

எங்களிடம் ஒரு வழக்கம். ஒருவர் பொருள் வைத்தால் தலையைக் குனிந்து, உள்ளங்கை குவித்துத் தட்டி, நன்றி சொல்லி, அதை அப்படியே பின்னால் தள்ளி வைத்துவிட வேண்டும். கொடுத்தவர் முன்னாலேயே பிரித்துப் பார்ப்பது பறக்காவட்டித்தனம். இது என்ன, அது எதற்கு என்று துருவிக் கேட்பது அதைவிட மோசம். இசிகேலி தலை நிமிராமல் "ஆமாங்க, ஆமாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். எல்லாம் புரிந்துவிட்டது என்று டெரெக் நினைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் பாய் ஏற்றிக் கிளம்பிவிட்டார்.

அவர் போன பிறகுதான் பையைத் திறந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ரெகுலேட்டர் பளபளவென்று இருந்தது. வாயில் வைக்கிற ரப்பர் புதுசு. அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, உனாய்சியைக்கூட அவன் அப்படிப் பார்த்ததில்லை. அதையும் சொல்லிவிட்டேன், உனாய்சி துடைப்பத்தால் என்னை ஒன்று போட்டாள்.

பைக்கு அடியில் இன்னொரு சாமான் கிடந்தது. கைப்பிடிக்குள் அடங்குகிற ஒரு இரும்புச் சட்டம், பின்னால் திருகுகிற குமிழ். "ஏதோ பழைய ரெகுலேட்டர்லேருந்து கழண்ட கவ்வி போலிருக்கு" என்று இசிகேலி புரட்டிப் பார்த்தான்.

பாயில் படுத்திருந்த சிரேலி கையை நீட்டினான். "அண்ணே, அத எனக்குக் குடேன்."

அவன் சொல்லி முடிப்பதற்குள் அது அவன் கையில் இருந்தது. கேட்டால் கொடுக்க வேண்டும், கொடுத்ததைத் திரும்பக் கேட்கக்கூடாது. அண்ணன் தம்பிக்குள் மட்டுமில்லை, எங்கள் சொந்தபந்தம் முழுக்கவே அப்படித்தான். உத்தரத்திலிருந்து சிரேலிக்காக ஒரு கயிறு தொங்கும், பிடித்து எழுவதற்கு. முடிச்சு வழுக்கி வழுக்கிக் கீழே இறங்கிவிடும், யாராவது தூக்கிவிட வேண்டும். சிரேலி அந்தச் சட்டத்துக்குள் கயிற்றை மடித்து நுழைத்துக் குமிழை இறுக்கினான். இழுத்துப் பார்த்தான், அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தம் கட்டித் தானாகவே எழுந்து உட்கார்ந்தான். படுத்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. இசிகேலி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே போய்விட்டான். அழுதிருப்பான் என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம்தான் சங்கதி தெரிந்தது. டெரெக் கொடுத்த ரெகுலேட்டர் எங்கள் ஊர்ச் சிலிண்டரில் மாட்டவில்லை. எங்கள் பக்கத்துச் சிலிண்டர் எல்லாம் ஒரே ரகம். ரெகுலேட்டர் அதன் தலையை வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கும். இதுவோ சிலிண்டர் தலைக்குள் மரையோடு திருகி ஏறுகிற ரகம். கேஸ் கடையில் தப்பான ரெகுலேட்டரை வாங்கி வந்த கதைதான். இசிகேலி அதைத் துண்டில் சுற்றி ஆணியில் மாட்டிவைத்தான்.

ஊர் விடுமா? என் அண்ணன் விலிகேசா வழியில் பார்க்கும்போதெல்லாம், "என்ன மச்சான், உன் ரெகுலேட்டருக்கு மாப்பிள்ள அமைஞ்சுதா?" என்பான்.

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன். உன் கொட்டகையில இருக்கிறதெல்லாம் ரெண்டாந்தாரம்."

"ரொம்பப் பிகு பண்ணாதடா. கடைசில கன்னியாவே போய்ச் சேந்துடும்."

சவுசவு டவுனுக்கு அந்தப்பக்கம் ஒரு சுற்றுலா விடுதி புயலில் கூரை பறந்து மூடிக்கிடந்தது. அங்கே பழைய சிலிண்டர்கள் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இசிகேலி கிளம்பினான். பேரம் பேச என் வாய் வேண்டுமாம், என்னையும் கூட்டிப்போனான். கையில் இருந்தது அவன் பன்றி விற்ற காசு.

காவல்காரர் ஹரிலால் கிழிந்த தகரத்துக்குக் கீழே குவியலைக் காட்டினார். இசிகேலி ஒவ்வொன்றாக எடுத்துச் சாய்த்து, காதோடு வைத்துக் குலுக்கினான். உள்ளே சரசரவென்றால் துரு, தள்ளிவைத்தான். கழுத்தில் குத்தியிருந்த எழுத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் படித்தான். வால்வைக் கொஞ்சம் திறந்து முகர்ந்தான். ஒன்றில் அழுகிய முட்டை நாற்றம், மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தான்.

"என்னய்யா, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கிற மாதிரி பாக்கிற?" என்றார் ஹரிலால்.

"பொண்ணையே இவ்ளோ நேரம் பாக்கல" என்றேன் நான். "விலையக் கொறைங்க. நாத்தத்துக்கெல்லாம் காசு வாங்குவீங்களா?"

"நாத்தம் இனாம்தான் அக்கா. சிலிண்டருக்குத்தான் காசு."

கடைசியில் இரண்டு அலுமினியச் சிலிண்டர்களைத் தேர்ந்தெடுத்தான். சுத்தமானவை, உள்ளே ஒரு பொட்டுத் துரு இல்லை. ஆனால் தலை இரண்டும் கவ்வுகிற ரகம்தான்.

"மச்சான், உனக்கு மண்டையில ஏதாவது இருக்கா? இதுவும் மாட்டாதே" என்றேன்.

"உடம்பு நல்லாருக்கு தோரி. தலைய மாத்திக்கலாம்" என்றான். வழியெல்லாம் லாரியில் இரண்டையும் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தான்.

தலை எங்கிருந்து கிடைத்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். எங்கள் பள்ளிக்கூடத்து மணியே ஒரு பழைய சிலிண்டர்தான். நான் பிறப்பதற்கு முன்னால் நூமியாவிலிருந்து வந்த பிரெஞ்சுப் படகு ஒன்று பாறையில் மோதி உடைந்தது. அதில் கிடைத்ததை மாமரக் கிளையில் கட்டித் தொங்கவிட்டு, இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். நாங்கள் எல்லாரும் அந்தச் சத்தத்துக்கு ஓடிப் படித்தவர்கள்தான். வருஷத்துக்கு ஒருதரம் பெயின்ட் அடித்து அடித்து அதன் தலை உருவமே தெரியாது. ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நின்ற இசிகேலி அண்ணாந்து பார்த்தான். ஓடிப்போய் ரெகுலேட்டரைக் கொண்டுவந்து, பெயின்ட்டைச் சுரண்டி, திருகிப் பார்த்தான். வெண்ணெயில் விரல் போகிற மாதிரி ஏறியது.

ஒரு கட்டு யங்கோனா வேரைத் தலைமையாசிரியர் முன்னால் வைத்து, கைதட்டி, மணியின் தலை வேண்டும் என்று கேட்டான். அவர் மட்டும் எப்படி இல்லை என்பார்? "தலை போனா மணி அடிக்காதா என்ன, எடுத்துக்கோ" என்றார். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, குழாய் ஸ்பேனரில் இரண்டு பேர் தொங்கிக் கழற்றினார்கள். தலை போன மணிக்குச் சத்தம் மாறிவிட்டது. முன்னால் 'டங்' என்று நின்றுவிடும். இப்போது வாய் திறந்து கிடந்ததால் ஊளையிடுகிற மாதிரி கொஞ்சநேரம் இழுத்தது.

மணியிலிருந்து கழற்றிய அந்தத் தலையை, அதாவது வால்வை, அலுமினியச் சிலிண்டரில் மாட்டிய அன்று நான் அங்கே இருந்தேன். முதலில் தானாக ஏறியது. பிறகு லேசாக ஆடியது. இசிகேலி கழற்றி, வெள்ளை டேப் சுற்றி, புது ரப்பர் வளையம் போட்டு, மறுபடி ஏற்றி இறுக்கினான். இறுகியது.

"ஆடுச்சே மச்சான்" என்றேன்.

"நீயும்தான் கல்யாண வீட்ல ஆடுற. கழண்டா போயிட்ட?"

சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தான், ஒரு குமிழிகூட வரவில்லை. காற்று ஒழுகவில்லை என்றால் பொருந்திவிட்டது என்றுதான் அவன் நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிரெஞ்சுக்காரர்கள் மரைக்கு ஒரு அளவு, நாங்கள் வாங்கின அமெரிக்கச் சிலிண்டருக்கு வேறு அளவு. ஒன்று மற்றதைவிட ஒரு மயிரிழை ஒல்லி, இடைவெளியும் வேறு. பார்க்கப் பொருந்தின மாதிரி இருக்கும், உள்ளே ஒன்றிரண்டு வரிதான் பிடித்துக்கொண்டிருக்கும். இதெல்லாம் நடக்கக்கூடாதது நடந்தபிறகு லம்பாசாவிலிருந்து போலீஸோடு வந்த ஆள் சொன்னது. வந்து சொன்னார், மகராசன்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. வியாபாரி இல்லாத நேரம் பார்த்து விலிகேசா தயங்கித் தயங்கிக் காற்று அடைத்துக் கொடுத்தான். இசிகேலி தன் ரெகுலேட்டரோடு தன் சிலிண்டரில் முங்கினான். மெதுவாக இறங்கி மெதுவாக ஏறினான். மேலே வந்ததும் முகத்தில் ஒரு நிம்மதி இருக்கும். "மலை உச்சியில நின்னு மூச்சு விடற மாதிரி இருக்கு தோரி. ஒரு வாடை இல்ல, ஒரு சொட்டுத் தண்ணி இல்ல" என்பான். அட்டையைக் கொட்டகைக்காரனிடம் கொடுக்காமல் லம்பாசாவுக்கே கொண்டுபோய் விற்றான். சிரேலிக்கு மெத்தை வந்தது. முதுகுப் புண் ஆற ஆரம்பித்தது. கடையில் சக்கர நாற்காலியைப் பார்த்துச் சொல்லிவைத்துவிட்டு வந்திருந்தான். இன்னும் ஒரு நல்ல பாடு அட்டை கிடைத்தால் போதும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

அன்று வெள்ளிக்கிழமை. நான் ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கொட்டகைப் பக்கம் நடந்ததை விலிகேசாதான் பிறகு சொன்னான். எங்கள் வழக்கத்தில், பெரியவர்களான அண்ணனும் தங்கையும் முகம் பார்த்து அதிகம் பேசிக்கொள்வதில்லை. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான்.

கொட்டகை ஓரத்து ஈரப்பலா மரத்துக்குக் கீழே, சிலிண்டரைத் தண்ணீர்ப் பீப்பாயில் நிறுத்திக் காற்று ஏறிக்கொண்டிருந்தது. வால்வு லேசாகச் சாய்ந்த மாதிரி விலிகேசாவுக்குத் தோன்றியது.

"மச்சான், இன்னிக்குப் பாதியோட நிறுத்திக்கலாமா? எனக்கென்னவோ இது சரியாப் படல."

"நிறைய போடு மச்சான். நாளைக்கு ஆழம் போகணும். இந்தப் பாடு அட்டையோட தம்பிக்கு நாற்காலி வாங்கிடுவேன்."

"ஆடுதுடா."

"எத்தன தடவ அடைச்சாச்சு! போடு மச்சான், உன்னக் கெஞ்சிக் கேக்கிறேன்."

கெஞ்சிக் கேட்ட பிறகு அவன் எப்படி மறுப்பான்? அத்தை மகன் வேறு. போட்டான். சூடாகிவிட்டதா என்று தொட்டுப் பார்க்க இசிகேலி பீப்பாய்க்கு மேலே குனிந்தான். வால்வு பிய்த்துக்கொண்டு மேலே பாய்ந்தது.

ஓடையில் எங்களுக்குக் கோயில் கூரை இடிந்து விழுந்த மாதிரி கேட்டது. நாங்கள் ஓடினோம். அதற்கு மேல் நான் சொல்லமாட்டேன். உனாய்சியை நான் கிட்டே விடவில்லை, இழுத்துப் பிடித்துக்கொண்டேன். கையில் இன்னும் அவள் கடித்த தழும்பு இருக்கிறது. விலிகேசாவுக்கு ஒரு காது போனது. மற்றக் காதால் கேட்கிறவன்தான், ஆனால் அதற்குப்பிறகு யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டான். கொட்டகை வேலையை விட்டுவிட்டான்.

சாவு வீட்டில் பாய் விரித்து, மரியாதைக்குத் திமிங்கலப் பல் வைத்து, சொந்தமெல்லாம் வந்து உட்கார்ந்தது. மாமன் மக்கள் அத்தை மக்கள் சாவு வீட்டிலும் கேலி பேசுவது எங்களிடம் உண்டு. அழுகை ஆளை அடித்துப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வாயைத் திறக்கவே பயம். திறந்தால் என்ன வரும் என்று தெரியவில்லை.

"மேலே போனதும் இவன் என்ன கேப்பான்னு நினைக்கிறீங்க?" என்றேன். "எனக்குத் தனிச் சிரட்டை குடுங்க, தனித் துண்டு குடுங்கம்பான். சொர்க்க வாசல்ல நிக்கிற பீட்டருக்கே வேலை வைப்பான் பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். உனாய்சிகூடச் சிரித்தாள். பிறகு துணியை வாயில் திணித்துக்கொண்டு சரிந்தாள். உள்ளே மெத்தையில் கிடந்த சிரேலி சிரித்தானா என்று தெரியாது. நாற்காலி வராததால் சிரேலியைக் குழிமேட்டுக்குத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள்.

பள்ளிக்கூடத்து மணியில் கைவைத்தது ஆகாது என்றார்கள் சிலர். கடல் காவு கேட்டது என்றார்கள் சிலர். கர்த்தர் சித்தம் என்றார் போதகர். தலைமையாசிரியர் அந்த மணியை மாற்றவுமில்லை, வேறு தலை வைக்கவுமில்லை. தினமும் அது அப்படியே ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த வருஷம், காற்று திரும்பினதும், டெரெக்கின் படகு வந்தது. கரையில் இறங்கினவர் என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினார். "இசிகேலி எங்க?" என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் சொன்னேன். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். எப்படி என்று கேட்டார். வால்வு மாற்றினதைச் சொன்னேன்.

"வால்வை ஏன் மாத்தினான்?" என்றார். "அதுக்கு அவசியமே இல்லியே. நான்தான் பையிலேயே வெச்சிருந்தேனே!"

"எதை?"

ஒரு குச்சியை எடுத்து மணலில் வரைந்தார். ஒரு சின்னச் சட்டம், பின்னால் குமிழ். "ரெகுலேட்டர் மூக்குல இதைத் திருகிட்டாப் போதும், இந்த ஊர்ச் சிலிண்டர் எதுல வேணும்னாலும் கவ்விக்கும். ஒரு நிமிஷ வேலை. அவன்கிட்ட சொன்னேனே. ஆமாம் ஆமாம்னானே!"

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அது தெரியும். தினமும் பார்க்கிற சாமான். கொடுத்த பொருளைத் திரும்பிப் பார்க்கிற கண் எங்களுக்குக் கிடையாது. கயிற்றில் ஏறின அன்றே அது சிரேலியுடையதாகிவிட்டது, ரெகுலேட்டருக்கும் அதற்கும் உறவு இருக்கும் என்று எவனும் நினைக்கவில்லை. ரெண்டையும் ஒருதரம், ஒரே ஒருதரம், கையில் சேர்த்துப் பிடித்துப் பார்த்திருந்தால்!

"ஆமாம்னு சொன்னா புரிஞ்சிடுச்சுன்னு அர்த்தமா?" என்று அவர்மேல் பாய்ந்தேன். "எங்க ஊர்ல குடுக்கிறவர் மூஞ்சிக்கு நேரா புரியலன்னு எவன் சொல்லுவான்? ஒருதரம் மாட்டிக் காமிச்சிட்டுப் போயிருக்கக்கூடாதா நீங்க?"

பாவம், அந்த மனுஷன் அழுதுவிட்டார். அவரைச் சொல்லி என்ன? கண்ணைத் துடைத்துக்கொண்டு, இசிகேலியின் தம்பியைப் பார்த்து ஆறுதல் சொல்லவேண்டும் என்று எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"வேணாம். அவன் கண்ல நீங்க படக்கூடாது. அவன் வீட்டுப் பக்கமே போகக்கூடாது."

"ஏன்?"

"போகக்கூடாதுன்னா போகக்கூடாது" என்றேன். அந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை. அவர் வரைந்ததைக் காலால் அழித்துவிட்டு, அவரை ஊர்த்தலைவர் வீட்டுப் பக்கம் அனுப்பிவிட்டு, நான் சிரேலியிடம் போனேன்.

சிரேலி கயிற்றைப் பிடித்து எழுந்து உட்கார்ந்திருந்தான். அவன் கை பட்டுப் பட்டு அந்தக் குமிழ் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது.

"வெள்ளைக்காரர் வந்திருக்காராமே?" என்றான்.

"வந்தார். உடனே கிளம்பணுமாம். நீ பெருத்துட்டியான்னு கேட்டார். பன்னி மாதிரி இருக்கான்னேன்."

சிரித்தான். "அடச்சே, பாக்காமப் போறாரே. இத காட்டலாம்னு இருந்தேன். இது இல்லாட்டி நான் இன்னும் மல்லாந்துதான் கிடப்பேன். அண்ணன் அன்னிக்குக் கேட்ட உடனே குடுத்தான் தோரி, உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"வாய்விட்டு ஒரு நன்றிகூட நான் சொல்லல அவனுக்கு."

ஜன்னலில் டெரெக்கின் பாய்மரம் தெரிந்தது, திரையை இழுத்துவிட்டேன். எந்தக் கேலியும் வாயில் வரவில்லை. சிரேலி கயிற்றை ஆட்டிப் பார்த்தான்.

"கொஞ்சம் வழுக்குது தோரி. அந்தக் குமிழை இறுக்கிவிடு."

நான் குமிழைப் பிடித்துத் திருகினேன்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்" என்றான். இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.